‘ஆவாரா’ கனவைக் கட்டிய கை: உருவ ஓவியர் ஆச்ரேகரின் திரைப் பயணம்

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறைக்கு ராஜ் கபூரின் ‘ஆவாரா’வை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்தி ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் அந்தப் படத்தின் பாட்டை முணுமுணுத்தார்கள். 1951-இல் வெளிவந்த படம் அது. நடித்த ராஜ் கபூரையும் நர்கிசையும் தெரியும். பாடிய முகேஷைத் தெரியும். இசையமைத்த சங்கர் - ஜெய்கிஷனையும் தெரியும்.

அந்தப் படத்தில் ஒரு கனவுக் காட்சி வரும். மேகத்துக்கு நடுவே வளைந்து ஏறும் படிகள், பிரம்மாண்டமான தெய்வச் சிலைகள், ஒரு பக்கம் சொர்க்கம், மறுபக்கம் தீ எரியும் நரகம். படத்தின் கதையை மறந்தவர்களுக்கும் அந்தக் காட்சி மறப்பதில்லை. ஆனால் அந்தச் சொர்க்கத்தையும் நரகத்தையும் கட்டியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது.

அவர் பெயர் எம்.ஆர். ஆச்ரேகர். அடிப்படையில் அவர் ஓர் உருவ ஓவியர். ஒரு மனிதரை எதிரே உட்கார வைத்து, அவர் முகத்தைத் துணியில் தீட்டுவதே அவருடைய முதல் தொழில்.

முகம் வரைகிறவருக்குச் சினிமாவில் என்ன வேலை? நம் வீட்டில் படம் வரைந்துகொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் கேள்விக்கான பதில் முக்கியமாகிறது.

யார் இந்த ஆச்ரேகர்?

முரளீதர் ராமச்சந்திர ஆச்ரேகர் 1907-இல் பிறந்தவர். பம்பாயில் ஓவியம் பயின்று, பிறகு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டிலும் படித்தார். மேற்கத்திய முறைப்படி, கண்ணால் பார்ப்பதை அளவு பிசகாமல் தீட்டும் பயிற்சி அவருடையது. உருவப்படங்களால் பெயர் பெற்ற பிறகு திரைப்படக் கலை இயக்குநராகவும் ஆனார்.

ராஜ் கபூரின் ஆர்.கே. நிறுவனத்தோடு அவர் பெயர் நெருக்கமாக இணைந்தது. ‘ஆவாரா’, ‘ஸ்ரீ 420’ (1955), ‘சங்கம்’ (1964), ‘மேரா நாம் ஜோக்கர்’ (1970) ஆகியவை அவர் கலை இயக்கத்தில் வந்த படங்கள். சிறந்த கலை இயக்கத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருதை மூன்று முறை பெற்றார். 1968-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1979-இல் காலமானார்.

சினிமாவுக்குப் போனதால் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. கடைசிவரை ஓவியராகவே இருந்தார். மனித உருவத்தை வரைவது பற்றி நூலும் எழுதினார். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே தொழிலாகப் பார்த்தவர் என்று சொல்வதே பொருத்தம்.

முகத்துக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும்?

உருவ ஓவியம் என்றால் முகத்தை மட்டும் வரைவது என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி வேலை முகத்துக்கு வெளியே இருக்கிறது.

ஒரு வழக்கறிஞரை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது? பின்னால் புத்தக அலமாரி வேண்டுமா, வெறும் சுவர் போதுமா? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும்? கையில் கண்ணாடி இருக்கட்டுமா, பேனா இருக்கட்டுமா? இந்த ஒவ்வொரு முடிவும் அந்த மனிதரைப் பற்றி நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

இதை விளங்கிக்கொள்ள நாம் தூரம் போக வேண்டாம். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்றிருப்பார். பின்னால் பார்த்தால் மாளிகைத் தூண், வளைந்த படிக்கட்டு, தொங்கும் திரைச்சீலை, தூரத்தில் ஒரு பூங்கா. எல்லாமே துணியில் தீட்டியவை. அவர்கள் வாழ்ந்தது லயத்து வீட்டில். காலையில் கித்தா மரம் வெட்டப் போனவர்கள், படத்தில் அரண்மனை வாசலில் நிற்கிறார்கள்.

அந்தப் பின்திரையைத் தீட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் செய்ததும் கலை இயக்கம்தான். ஒரு மனிதரை எந்த உலகத்துக்கு முன்னால் நிறுத்துவது என்று தீர்மானித்தவர் அவர்.

இந்தியாவில் இந்த வகை ஓவியத்துக்குப் பெரிய வழி திறந்தவர் ராஜா ரவி வர்மா (1848-1906). அரச குடும்பத்தினரையும் செல்வந்தர்களையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். தெய்வங்களுக்கும் அதே முறையில் மனித முகம் கொடுத்தார். 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்கள் சாதாரண வீடுகளின் பூசையறைக்கும் போய்ச் சேர்ந்தன. ஓவியம் அரண்மனைக்கு மட்டும் சொந்தம் என்ற நிலை அதோடு மாறத் தொடங்கியது.

நாடகத் திரையிலிருந்து சினிமா செட்டுக்கு

ஓவியர்கள் சினிமாவுக்குள் வந்தது நாடக மேடை வழியாக. அந்தக் கால நாடகங்களில் காட்சி மாறுவது என்றால் திரை மாறுவது. அரண்மனைத் திரை, காட்டுத் திரை, தெருத் திரை, சிறைத் திரை என்று ஒவ்வொரு கம்பெனியும் கட்டுக்கட்டாக வைத்திருக்கும். அவற்றைத் தீட்டும் ஓவியர்களும் நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போவார்கள்.

கோலாப்பூரைச் சேர்ந்த பாபுராவ் பெயிண்டர் (1890-1954) அப்படி மேடைத் திரை தீட்டியவர்தான். ‘பெயிண்டர்’ என்ற தொழிற்பெயர் அவருக்கு ஊர்ப்பெயர் போல ஒட்டிக்கொண்டது. சினிமாவுக்கு வந்தபோது, தீட்டிய திரையை நம்பாமல் கனபரிமாணத்தோடு செட் கட்டிப் படமெடுக்கத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். நாடகத்தில் தட்டையாக இருந்த தூண், சினிமாவில் சுற்றி நடந்து பார்க்கக்கூடிய தூணாக மாறியது. இயக்குநர் வி. சாந்தாராம் தொழில் கற்றது அவரிடம்தான்.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. சி. கொண்டையராஜு சென்னைக் கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை தீட்டும் ஓவியராகக் கோவில்பட்டிக்கு வந்தார். கம்பெனி கலைந்துபோனது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அங்கே உருவானது. போட்டோ எடுத்தார்கள், உருவப்படம் வரைந்தார்கள், பிறகு சிவகாசி அச்சகங்களுக்குச் சாமிப் படங்கள் தீட்டிக் கொடுத்தார்கள். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டர்களாகத் தமிழர்கள் வாழ்ந்த இடமெல்லாம் சுவரேறின.

முக ஓவியம், நாடகத் திரை, போட்டோ ஸ்டூடியோ, காலண்டர், சினிமா செட் என்று நாம் தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிற தொழில்கள் எல்லாம் அந்தத் தலைமுறையின் கையில் ஒரே தொழிலாக இருந்தன.

கலை இயக்குநர் செய்யும் வேலை

கலை இயக்குநர் முதலில் கதையைப் படிக்கிறார். ஒவ்வொரு காட்சியும் எங்கே நடக்கிறது, அங்கே வாழ்பவர் யார், அவருக்கு வருமானம் என்ன, எத்தனை வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார் என்று பட்டியல் போடுகிறார். அடுத்து, காட்சிகளை ஓவியமாக வரைகிறார். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் அந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் பேசத் தொடங்குகிறார்கள்.

பிறகு அளவு குறித்த வரைபடம். தேவைப்பட்டால் சிறிய மாதிரி. அதற்குப் பின் தச்சர்கள், பிளாஸ்டர் அச்சு வார்ப்பவர்கள், வண்ணம் பூசுபவர்கள், துணி தைப்பவர்கள் என்று ஒரு பட்டாளமே வேலை செய்யும். கல்போல் தெரியும் தூண் மரச்சட்டமும் பிளாஸ்டருமாக இருக்கும். சுவர்களைத் தேவைக்கேற்பக் கழற்றி மாட்டும்படி செய்வார்கள். கேமரா உள்ளே போக வேண்டும் அல்லவா? பல செட்டுகளுக்குக் கூரையே இருக்காது. மேலிருந்து விளக்குகள் தொங்க வேண்டும்.

தூரம் காட்டுவதற்கும் ஒரு வழி உண்டு. பின்னால் இருக்கும் வீடுகளை முன்னால் இருப்பதைவிடச் சிறிதாகக் கட்டுவார்கள். கண் ஏமாந்து, அந்தத் தெரு நீளமானது என்று நம்பிவிடும். ஓவியர்கள் காகிதத்தில் செய்யும் அதே கணக்கு இது.

ஆச்ரேகர் பெயர் பெற்ற ஐம்பதுகளில் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளை. செட்டில் பச்சையாக இருக்கும் சுவரும் சிவப்பாக இருக்கும் திரைச்சீலையும் படத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்துவிடலாம். எந்த வண்ணம் எவ்வளவு கருமையாகப் பதியும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பல வருடங்கள் பார்த்துப் பழகிய உருவ ஓவியருக்கு அந்தக் கண் ஏற்கெனவே இருந்தது.

ஒரு சுவர்ப்படமும் ஒரு கனவும்

‘ஆவாரா’வின் கதை இரண்டு வீடுகளுக்கு நடுவே நடக்கிறது. ஒன்று நீதிபதியின் மாளிகை. மற்றொன்று அந்த நீதிபதியால் விரட்டப்பட்ட மனைவியும் மகனும் வாழும் சேரிக் குடிசை. பிறப்பு மனிதனைத் திருடனாக்குகிறதா, வளர்ப்பு ஆக்குகிறதா என்பதே படம் எழுப்பும் கேள்வி. அந்தக் கேள்வியை வசனம் பாதி சொல்கிறது. இரண்டு வீடுகளும் மீதியைச் சொல்கின்றன. மாளிகையில் உயரமான தூண்களும் அகலமான படிகளும் மனிதரைச் சிறிதாக்குகின்றன. குடிசையில் தலைக்கு மேலே கூரை அழுத்துகிறது.

படத்தில் ஒரு முக்கியமான பொருள் உண்டு. கதாநாயகன் சிறுவயதுத் தோழியின் படத்தைத் தன் வீட்டில் வைத்திருக்கிறான். வளர்ந்த பிறகு ஒரு பெரிய வீட்டில் அதே படத்தைப் பார்க்கிறான். எதிரே நிற்கும் பெண் யார் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. ஒரு முகப்படம் கதையையே திருப்பிவிடுகிறது. சுவரில் என்ன மாட்டுவது என்பது அலங்கார வேலை மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

கனவுக் காட்சிக்கு நடனம் அமைத்தவர் சிம்கி. உதயசங்கர் குழுவில் ஆடிய பிரெஞ்சுப் பெண்மணி அவர். ஒளிப்பதிவு ராது கர்மாகர். இந்தக் காட்சியில் ஆச்ரேகருக்கு நிஜ உலகத்தின் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. படிகள் எங்கே முடிகின்றன என்று தெரிய வேண்டியதில்லை. தரை தெரியாமல் புகை மூடுகிறது. வில்லன் உருவம் மலை போல் எழுந்து நிற்கிறது. மனிதர்கள் அதன் காலடியில் எறும்பு போல் ஓடுகிறார்கள். கதாநாயகனின் மனத்துக்குள் இருக்கும் பயத்துக்கு உருவம் கொடுத்திருக்கிறார்கள். முகத்தைத் தீட்டி மனத்தைக் காட்டுவது உருவ ஓவியரின் வேலை. இங்கே முகம் இல்லாமலே மனத்தைக் காட்டியிருக்கிறார்.

மூன்று விருதுகள், மூன்று உலகங்கள்

ஆச்ரேகர் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கிய மூன்று படங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

முதலாவது ‘பர்தேசி’ (1957). இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து எடுத்த படம். 15-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த வணிகர் அஃபனாசி நிகிடினின் கதை. நம் பத்மினியும் இதில் நடித்திருக்கிறார். ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்கு முந்தைய இந்தியச் சந்தையையும் அரண்மனையையும் காட்ட வேண்டும். புகைப்படம் எதுவும் கிடையாது. பழைய சிற்பம், சிற்றோவியம், கட்டடம் இவற்றைப் பார்த்துத்தான் ஓர் உலகத்தைக் கட்ட முடியும்.

இதே காலத்தில் நம் பக்கத்திலும் இதே சவால் இருந்தது. 1956-இல் சிங்கப்பூரில் ஷா பிரதர்ஸ் தயாரித்த ‘ஹங் துவா’ மலாக்கா சுல்தான்களின் காலத்தைத் திரையில் காட்டியது. அதுவும் 15-ஆம் நூற்றாண்டுக் கதை. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த ஃபணி மஜும்தார். நாயகன் பி. ராம்லி.

இரண்டாவது ‘காகஸ் கே ஃபூல்’ (1959). பெயருக்குக் காகிதப் பூக்கள் என்று பொருள். குரு தத் இயக்கிய இந்தப் படம் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். ஒரு திரைப்பட இயக்குநரின் ஏற்றமும் வீழ்ச்சியும் கதை. அவர் வாழ்வதும் சாவதும் ஸ்டூடியோவுக்குள். அதாவது ஆச்ரேகர் இங்கே கட்ட வேண்டியது, செட் கட்டும் இடத்தையே. ஆளில்லாத பெரிய கொட்டகை, உயரத்தில் குறுக்குச் சட்டங்கள், தூசி. ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி பெரிய கண்ணாடிகளை வைத்து வெளியே இருந்த சூரிய வெளிச்சத்தை உள்ளே திருப்பினார். அந்த ஒளிக்கற்றை விழுவதற்கு ஒரு வெறுமை தேவைப்பட்டது. அந்த வெறுமை செட்டில் இருந்தது. படம் வசூலில் தோற்றது. குரு தத் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் இயக்குநராகத் தன் பெயரைப் போடவில்லை. ஆனால் ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் விருது கிடைத்தது. இன்று இந்திய சினிமாவின் சிறந்த படங்களைப் பட்டியலிடுபவர்கள் அதை விடுவதில்லை.

மூன்றாவது ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பஹ்தி ஹை’ (1960). கொள்ளைக்காரர்கள் ஆயுதத்தைக் கீழே போடும் கதை. ராஜ் கபூரோடு மீண்டும் பத்மினி. ஜபல்பூர் பக்கத்தில் நர்மதை ஆற்றங்கரையில் உள்ள பளிங்குப் பாறைகளில் எடுத்த காட்சிகள் இதில் உண்டு. இயற்கையான மலையும் ஆறும் ஒரு பக்கம், கட்டிய இடங்கள் மறுபக்கம். இரண்டும் பொருந்தாமல் போனால் பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பழங்காலம், ஸ்டூடியோ, கொள்ளையர் மலை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கேற்ற பின்னணியைக் கண்டுபிடிப்பதே உருவ ஓவியரின் பழக்கம். ஆச்ரேகர் படத்துக்குப் படம் அதைத்தான் செய்தார்.

கேசாதிபாதமும் ‘ரூபதர்சினி’யும்

ஆச்ரேகர் எழுதிய நூல்களில் ‘ரூபதர்சினி’ குறிப்பிட வேண்டியது. 1958-இல் வெளிவந்தது. மனித உருவத்தை இந்திய மரபு எப்படிப் பார்க்கிறது என்பது அதன் பொருள். லண்டனில் படித்த ஒருவர், எதிரே நிற்கும் மனித உடலை உள்ளபடி வரைவதில் தேர்ந்த ஒருவர், நம் சிற்பிகள் ஏன் அப்படி வரையவில்லை என்று நிதானமாக ஆராய்ந்திருக்கிறார்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நம் இலக்கியத்தில் தெய்வத்தையோ தலைவியையோ கூந்தலிலிருந்து பாதம்வரை வரிசையாக வருணிப்பதைக் கேசாதிபாதம் என்பார்கள். பாதத்திலிருந்து தொடங்கினால் பாதாதிகேசம். கண்ணுக்கு வேலும் கயலும், கழுத்துக்குச் சங்கு, இடைக்குக் கொடி. ஒரு குறிப்பிட்ட பெண்ணின் அடையாள அட்டைப் படம் அதில் கிடைக்காது. அழகு என்றால் என்ன என்ற ஒரு கணக்கு கிடைக்கும். கோயில் சிற்பிகளிடமும் தாலம் என்ற அளவுமுறை உண்டு. முகத்தின் நீளத்தை அலகாக வைத்து முழு உடலையும் அளப்பார்கள். நம் ஊர்க் கோயில்களுக்குக் கோபுரம் எழுப்ப வரும் ஸ்தபதிகள் இன்றும் அந்த அளவில்தான் வேலை செய்கிறார்கள்.

மேற்கத்திய ஓவியர் ஒரு மனிதரைப் பார்த்து வரைகிறார். நம் சிற்பி ஒரு கருத்தைப் பார்த்துச் செதுக்குகிறார். சினிமாவுக்கு இரண்டும் வேண்டும். ‘ஸ்ரீ 420’ படத்தில் ஏழைகள் படுத்திருக்கும் நடைபாதை நிஜம்போல இருக்க வேண்டும். ‘ஆவாரா’வின் கனவில் வரும் தெய்வ உருவம் கருத்தாக இருக்க வேண்டும். ஒரே கை இரண்டையும் செய்ய முடிந்ததற்கு இந்த இரட்டைப் படிப்பே காரணம்.

தமிழ்த் திரையில் இதே பாதை

தமிழ்ப் படங்களிலும் கலை இயக்குநர்களின் வேலையை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம், பெயர் தெரியாமல். 1948-இல் ஜெமினி வெளியிட்ட ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை மறக்க முடியுமா? அந்தப் படத்தின் கலை இயக்குநர் ஏ.கே. சேகர்.

பூம்புகாரில் பிறந்த பி. கிருஷ்ணமூர்த்தி சென்னை அரசு கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். 1975-இல் ‘ஹம்ஸகீதே’ என்ற கன்னடப் படத்தின் வழியாகத் திரைக்கு வந்தார். கலை இயக்கத்துக்காக ‘மத்வாச்சார்யா’, ‘ஒரு வடக்கன் வீரகாதா’, ‘பாரதி’ ஆகிய மூன்று படங்களுக்கு இந்திய தேசிய விருது பெற்றார். பின்னிரண்டு படங்களுக்கு உடை வடிவமைப்புக்கும் சேர்த்து விருது கிடைத்தது. மொத்தம் ஐந்து. 2020 டிசம்பரில் மறைந்தார்.

வடிவேலு நடித்த ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’யின் (2006) கலை இயக்குநரும் இவர்தான். அந்தப் படத்தில் மன்னர் தம்மை வரையச் சொல்லும் காட்சி நினைவிருக்கும். ஒட்டிய உடம்புக்காரரான மன்னரின் தலை, ஓவியத்தில் புடைத்த தசைகள் கொண்ட வீரனின் உடம்பில் உட்கார்ந்திருக்கும். நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். உருவப்படம் என்பது பணம் கொடுப்பவரின் ஆசைக்கும் ஓவியரின் கண்ணுக்கும் நடுவே நடக்கும் பேரம் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

தோட்டா தரணி இன்னொருவர். சென்னைக் கலைக் கல்லூரியிலும் பாரிசிலும் ஓவியம் கற்றவர். ‘நாயகன்’ (1987) படத்தில் நாம் பார்த்த தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் அவர் கட்டிய செட். தாராவிக்குப் போய் வரைந்து வந்த ஓவியங்கள்தாம் அதற்கு அடிப்படை. அந்தப் படத்துக்கும் ‘இந்தியன்’ (1996) படத்துக்கும் தேசிய விருது பெற்றார். ‘பொன்னியின் செல்வன்’ படங்களின் அரண்மனைகளும் அவர் வடிவமைத்தவை.

நம் ஊரில்

மலேசியத் திரையுலகத்துக்கும் இந்தியக் கலைஞர்களுக்கும் உள்ள உறவு பழையது. பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். கோலாலம்பூர் உலு கிள்ளானில் அறுபதுகளின் தொடக்கத்தில் மெர்டேக்கா ஸ்டூடியோ எழுந்தது. 1964-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பி. ராம்லி அங்கேதான் வேலை செய்தார். இன்று அந்த இடத்தில் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் இருக்கிறது. மிருகக்காட்சி சாலைக்குப் போகும் வழியில் அதைக் கடந்துதான் போகிறோம்.

செட் வேலைக்கு ஒரு சோகம் உண்டு. படம் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவார்கள். மரம் இன்னொரு செட்டுக்குப் போகும். பிளாஸ்டர் குப்பைக்குப் போகும். ஆர்.கே. ஸ்டூடியோவே 2017-இல் தீவிபத்துக்கு ஆளாகி, பிறகு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. ஆச்ரேகர் கட்டிய எதுவும் நிலத்தில் இல்லை. படச்சுருளில் மட்டும் இருக்கிறது. ஓவியருக்குத் துணியாவது மிஞ்சும். கலை இயக்குநருக்குப் பெயர்ப் பட்டியலில் ஒரு வரிதான் மிச்சம். அதையும் நாம் படிப்பதில்லை.

படம் வரைகிற பிள்ளையைப் பார்த்து, “இதை வைச்சு என்னா செய்யப் போற? சோறு போடுமா?” என்று கேட்காத வீடு நம்மிடையே குறைவு. கேள்வியில் தவறில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, வாடகையும் வயிற்றுப்பாடும் பார்த்த பெற்றோர் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. முகம் வரையத் தெரிந்தவருக்கு வெளிச்சம் தெரியும், அளவு தெரியும், வண்ணம் தெரியும், ஒரு மனிதரைப் பார்த்ததும் அவர் வாழும் இடத்தை ஊகிக்கத் தெரியும். மேடை, தொலைக்காட்சி நாடகம், விளம்பரம், அனிமேஷன், கணினி விளையாட்டு, திரைப்படம் எல்லாவற்றுக்கும் இந்தத் திறமை வேண்டும்.

படிக்க இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. 1967-இல் தொடங்கிய மலேசியக் கலைக் கல்லூரியான எம்.ஐ.ஏ. கோலாலம்பூரில் உள்ளது. அரசாங்கக் கலைக் கழகமான அஸ்வாராவில் நுண்கலையும் திரைப்படமும் கற்பிக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாட்டிய நாடகங்களைப் பார்க்கப் போகும்போது ஆடுபவர்களோடு பின்னால் இருக்கும் அரங்கையும் கவனித்துப் பாருங்கள். இங்கே படப்பிடிப்பு நடந்த ‘கபாலி’யின் இயக்குநர் பா. ரஞ்சித்தும் சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்து வந்தவர்தான்.

கலைக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்கள் பொதுவாக, தாங்கள் வரைந்தவற்றைத் தொகுத்துக் காட்ட வேண்டியிருக்கும். தேர்வுச் சான்றிதழ் கையில் வந்த பிறகு அந்தத் தொகுப்பைத் தயாரிக்க நேரம் இருக்காது. ஆகவே இடைநிலைப் பள்ளியில் இருக்கும்போதே வரைந்ததை எல்லாம் தேதி போட்டுப் பத்திரப்படுத்துவது நல்லது. நடிகர்களின் படத்தைப் பார்த்து வரைந்தது மட்டும் போதாது. அம்மா சமைக்கும்போது, தாத்தா வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, பேருந்து நிலையத்தில் மக்கள் காத்திருக்கும்போது நேரில் பார்த்து வரைந்த படங்கள் அதில் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் அடுப்பு, கதவு, சுவர், காலண்டர் எல்லாவற்றையும் சேர்த்தே வரையச் சொல்லுங்கள்.